வாடாத காகிதப் பூக்கள்

நுழையும்முன்

கலைப்படைப்பு ஒன்று வெளிவந்த நாளிலேயே அதன் மதிப்பு முடிவாகிவிடுவதில்லை. முதல்நாளில் கொண்டாடப்பட்டு மறக்கப்பட்ட படைப்புகளும் உண்டு. முதல்நாளில் புறக்கணிக்கப்பட்டுப் பின்னாளில் போற்றப்பட்ட படைப்புகளும் உண்டு. அன்பையும் மரணத்தையும் பொருளாகக் கொண்டு இந்தியக் கலைஞர் ஒருவர் பெருமுயற்சியுடன் உருவாக்கிய திரைப்படம், அவர் வாழ்ந்த காலத்தில் தோல்வி என்றே எண்ணப்பட்டது. அத்தோல்வியை இறுதித் தீர்ப்பாக அவர் ஏற்றுக்கொண்டார். காலமோ அதனை ஏற்கவில்லை. இந்தித் திரையுலகின் புகழ்பெற்ற இயக்குநரும் நடிகருமான குரு தத்தின் வாழ்வு, படைப்புக்கும் அதற்குக் கிடைக்கும் வரவேற்புக்கும் இடையே உள்ள தொலைவை உணர்த்துகிறது.

விளக்கொளியில் விரிந்த நிழல்

குரு தத் 1925ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பெங்களூரில் பிறந்தார். தந்தை சிவசங்கர ராவ் படுகோன், தாய் வசந்தி. கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட எளிய குடும்பம் அது. பெற்றோர் மகனுக்கு இட்ட பெயர் வசந்த குமார். குழந்தைப் பருவத்தில் நேர்ந்த விபத்து ஒன்றுக்குப் பின்னர், நன்மை தரும் என்னும் நம்பிக்கையில் குரு தத் என்று பெயரை மாற்றினர். அப்பெயரைக் கேட்டவர்கள் அவரை வங்காளி என்றே பிற்காலத்தில் கருதினர். அவ்வாறு கருதுவதற்கு மற்றொரு காரணமும் இருந்தது. அவருடைய இளமை கல்கத்தாவின் பவானிப்பூர்ப் பகுதியில் கழிந்தது. வங்காள மொழியைத் தாய்மொழிபோலப் பேசினார். தெருவில் பாடிவரும் நாடோடிப் பாடகர்களின் பாட்டும், திறந்தவெளி நாடகங்களும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன.

மாலை வேளையில் பாட்டி விளக்கேற்றி வைப்பார். சிறுவன் குரு தத் அவ்விளக்கின் முன் அமர்ந்து, விரல்களை மடக்கியும் விரித்தும் சுவரில் நிழலுருவங்களைப் படைப்பான். ஒளிக்கும் இருளுக்கும் இடையே கையை வைத்தால் கதை பிறக்கிறது என்பதை அவன் கற்ற முதற்பள்ளி அந்தச் சுவரே ஆகும். திரைப்பட விளம்பர ஓவியங்கள் வரைந்துவந்த உறவினர் ஒருவரின் ஓவியத்தைக் கண்டு, அதன் தூண்டுதலால் பாம்பு நடனம் ஒன்றையும் தானே அமைத்து ஆடினான். பள்ளிப்படிப்பு 1941ஆம் ஆண்டில் நிறைவுற்றது. குடும்பத்தின் வறுமை காரணமாகக் கல்லூரிக் கல்வி அவருக்குக் கிட்டவில்லை.

நடனத்திலிருந்து திரைக்கு

இமயமலை அடிவாரத்தில் உள்ள அல்மோராவில் நடன மேதை உதயசங்கர் கலைமையம் ஒன்றை நடத்திவந்தார். நடனம், இசை, நாடகம் ஆகியவை அங்கு ஒருசேரக் கற்பிக்கப்பட்டன. 1942ஆம் ஆண்டில் உதவித்தொகை பெற்று அம்மையத்தில் சேர்ந்தார் குரு தத். உடலின் அசைவு சொல்லின்றியே பொருள் உணர்த்தவல்லது என்பதையும், மேடையில் ஒருவர் நிற்கும் இடமும் பொருளுடையது என்பதையும் அங்குக் கற்றார். இரண்டாம் உலகப்போரின் நெருக்கடியால் 1944ஆம் ஆண்டில் அம்மையம் மூடப்பட்டது.

கல்கத்தாவில் சிறிதுகாலம் தொலைபேசி இயக்குநராகவும் பணியாற்றிய அவர், 1944ஆம் ஆண்டில் புனே நகரின் பிரபாத் திரைப்பட நிறுவனத்தில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். நடன அமைப்பு, உதவி இயக்கம், சிறு வேடங்களில் நடிப்பு எனப் பல பணிகளை அங்குச் செய்தார். அவரைப் போலவே வாய்ப்புத் தேடி வந்திருந்த தேவ் ஆனந்த் அங்குத்தான் நண்பரானார். சலவைத் தொழிலாளி இருவருடைய சட்டைகளையும் மாற்றிக் கொடுத்துவிட, அதனால் ஏற்பட்ட அறிமுகமே நட்பாக வளர்ந்தது. தேவ் ஆனந்த் படம் தயாரித்தால் குரு தத் இயக்குவது, குரு தத் படம் எடுத்தால் தேவ் ஆனந்த் நடிப்பது என இருவரும் உறுதி செய்துகொண்டனர்.

பிரபாத் நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்தபின் ஏறக்குறையப் பத்துமாதங்கள் வேலையின்றிப் பம்பாயில் துன்புற்றார். அக்காலத்தில் அவர் கதைகள் எழுதினார். கவிஞன் ஒருவனைச் சமுதாயம் எவ்வாறு நடத்துகிறது என்பதைக் கூறும் கதை அவற்றுள் ஒன்று. பத்தாண்டுகள் கழித்து அக்கதையே பெரும் திரைப்படமாக மலரவிருந்தது. பின்னர் அமியா சக்கரவர்த்தி, ஞான் முகர்ஜி ஆகிய இயக்குநர்களிடம் உதவியாளராகப் பணிபுரிந்தார். இவர்களுள் ஞான் முகர்ஜி, 1943ஆம் ஆண்டில் வெளிவந்து பெருவெற்றி பெற்ற ‘கிஸ்மத்’ திரைப்படத்தை இயக்கியவர். புகழின் உச்சியிலிருந்த அவருடைய பிற்கால வாழ்வில் அப்புகழ் தங்கவில்லை. ஆசிரியரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அருகிலிருந்து கண்ட மாணவர் அதனை மறக்கவில்லை.

வெற்றிப் படிகள்

தேவ் ஆனந்த் தம் சொல்லைக் காப்பாற்றினார். அவருடைய நவகேதன் நிறுவனத்துக்காகக் குரு தத் இயக்கிய முதல் திரைப்படம் ‘பாசி’ 1951ஆம் ஆண்டில் வெளிவந்து வெற்றி பெற்றது. பாடகி கீதா ராயை அவர் சந்தித்ததும் அப்படத்தின் பாடற்பதிவின் போதுதான். 1953ஆம் ஆண்டில் இருவரும் மணம் செய்துகொண்டனர்.

குரு தத்தின் வளர்ச்சி அவர் ஒருவரால் மட்டும் நிகழ்ந்ததன்று. அவரைச் சுற்றி அருமையான கலைஞர் குழு ஒன்று அமைந்தது. மைசூரைச் சேர்ந்த வி. கே. மூர்த்தி ஒளிப்பதிவாளரானார். அப்ரார் அல்வி உரையாடல் எழுதினார். பம்பாயில் பேருந்து நடத்துநராக இருந்தவர், ஜானி வாக்கர் என்னும் பெயரில் நகைச்சுவை நடிகராக உயர்ந்தார். எஸ். டி. பர்மன், ஓ. பி. நய்யார் ஆகியோர் இசையமைத்தனர். ‘ஆர் பார்’ (1954), ‘மிஸ்டர் அண்டு மிஸஸ் 55’ (1955) ஆகிய படங்கள் மக்களிடம் நல்ல வரவேற்பைப் பெற்றன.

கதையை நிறுத்திவிட்டுப் பாடலுக்கு இடம் தருவதே அக்காலத்தின் பொதுவழக்கு. குரு தத்தோ பாடலைக் கதையின் உறுப்பாக்கினார். உரையாடல் முடியும் இடத்தில் இசைமுன்னுரை ஏதுமின்றிப் பாடல் தொடங்கும். அதனைப் பாடும் மாந்தரின் இயல்புக்கேற்ற சொற்களே அதில் அமையும். முகத்தின் சிறு மாற்றத்தையும் காட்டும் அண்மைக் காட்சிகளை அவர் பெரிதும் விரும்பினார். பேசப்படாத சொற்களைக் கண்களே பேசவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

‘ரோஜுலு மாராயி’ என்னும் தெலுங்குப் படத்தில் நடனமாடிப் புகழ்பெற்ற இளம்நடிகை ஒருவரைப் பற்றி ஐதராபாத்தில் குரு தத் அறிந்தார். செங்கல்பட்டில் பிறந்து, பரதநாட்டியம் பயின்று, ‘காலம் மாறிப்போச்சு’ என்னும் தமிழ்ப்படத்திலும் பங்கேற்ற வகீதா ரகுமானே அந்நடிகை. குரு தத் தயாரித்த ‘சி.ஐ.டி.’ (1956) திரைப்படத்தின் வாயிலாக அவர் இந்தித் திரையுலகில் அறிமுகமானார்.

பொழுதுபோக்குப் படங்களால் பெற்ற வெற்றி, குரு தத்துக்கு மனநிறைவு அளிக்கவில்லை. வேலையற்றிருந்த நாளில் எழுதிய கவிஞனின் கதையை 1957ஆம் ஆண்டில் ‘பியாசா’ என்னும் பெயரில் படமாக்கினார். தாகம் கொண்டவன் என்பது அதன் பொருள். உயிரோடிருக்கும் கவிஞனை உலகம் விரட்டுகிறது. அவன் இறந்துவிட்டான் என்று எண்ணியதும் அதே உலகம் அவனுக்கு விழா எடுக்கிறது. நாயகனாக நடிக்கவேண்டிய திலீப் குமார் வராமற்போகவே, குரு தத் தாமே அவ்வேடத்தை ஏற்றார். கடுமையான சமூக விமரிசனம் கொண்ட அப்படத்தை மக்கள் வரவேற்றனர். ஆழமான பொருளையும் மக்கள் ஏற்பர் என்னும் நம்பிக்கை அவருள் வேரூன்றியது. அந்நம்பிக்கையின் விளைவே அடுத்த படம்.

அன்பும் அழிவும்

‘காகஸ் கே பூல்’ 1959ஆம் ஆண்டில் வெளிவந்தது. காகிதப் பூக்கள் என்பது அத்தொடரின் பொருள். காகிதப் பூவுக்கு நிறம் உண்டு, மணம் இல்லை. தேனைத் தேடி வரும் வண்டு ஏமாந்து திரும்பும். புகழும் அத்தகையதே என்பது படத்தின் அடிக்கருத்து.

முதுமையும் நோயும் வாட்டிய ஒருவர் படப்பிடிப்புத் தளத்துக்குள் தளர்ந்த நடையுடன் நுழைகிறார். ஒருகாலத்தில் அவரே அங்குப் பெரும்புகழ் பெற்ற இயக்குநராக விளங்கியவர். அவருடைய நினைவாகவே கதை பின்னோக்கி விரிகிறது.

இயக்குநர் சுரேஷ் சின்காவின் இல்வாழ்க்கை முறிந்திருக்கிறது. செல்வச் செருக்குடைய மனைவியின் குடும்பத்தார் திரைத்தொழிலை இழிவாக எண்ணுகின்றனர். உறைவிடப் பள்ளியில் பயிலும் மகள் பம்மியையும் தந்தை எளிதில் காண விடுவதில்லை. மழை பெய்யும் இரவொன்றில் சாந்தி என்னும் ஏழைப் பெண்ணைச் சுரேஷ் சந்திக்கிறார். குளிரில் நடுங்கும் அவளுக்குத் தம் மேலங்கியைத் தருகிறார். அதனைத் திருப்பித்தரப் படப்பிடிப்புத் தளத்துக்கு வரும் சாந்தி, அறியாமல் ஒளிப்பதிவுக் கருவியின் முன்னே வந்துவிடுகிறாள். எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்க்கும்போது, தாம் தேடிய கதாநாயகியின் எளிமை அம்முகத்தில் இருப்பதைச் சுரேஷ் காண்கிறார். சாந்தி நடிகையாகிறாள், புகழ் பெறுகிறாள். தனிமையில் வாடிய இருவரிடையே அன்பு அரும்புகிறது.

ஊர் அலர் தூற்றுகிறது. தோழியரின் ஏளனத்தைப் பொறாத பம்மி, தன் பெற்றோரை மீண்டும் சேரவிடுமாறு சாந்தியிடம் வேண்டுகிறாள். அச்சிறுமிக்காகச் சாந்தி திரையுலகை விட்டு விலகி, சிற்றூர் ஒன்றில் ஆசிரியையாகிறாள். ஆயினும் பிரிந்த குடும்பம் கூடவில்லை. மகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் நீதிமன்றத்தில் இழக்கும் சுரேஷ் மதுவுக்கு அடிமையாகிறார். படங்கள் தோற்கின்றன, வேலை போகிறது. ஒப்பந்தத்தின் காரணமாக மீண்டும் நடிக்கவரும் சாந்தி, அவருக்கு வாய்ப்புப் பெற்றுத்தர முயல்கிறாள். அவளுடைய புகழின் நிழலில் வாழத் தன்மானம் இடந்தராமல் அவர் மறுத்துவிடுகிறார். இறுதியில், தாம் ஆட்சி செய்த அதே தளத்தில், இயக்குநருக்குரிய நாற்காலியில் அமர்ந்தவாறு உயிர் விடுகிறார். விடிந்ததும் படப்பிடிப்புக்கு நேரமாகிறது. இறந்தவர் யார் என்று எண்ணவும் எவருக்கும் பொழுதில்லை. உடலை அகற்றிவிட்டுப் பணியைத் தொடங்கவே முனைகின்றனர்.

ஞான் முகர்ஜியின் வாழ்வே இக்கதைக்குத் தூண்டுதல் என்பர். ‘பியாசா’ திரைப்படத்தை அவருடைய நினைவுக்கே குரு தத் உரித்தாக்கியிருந்தார். ஆசிரியரின் மறைவு மாணவரை எவ்வளவு பாதித்தது என்பதை இவ்விரு படங்களும் காட்டுகின்றன.

அகலத்திரையும் ஒளிக்கற்றையும்

இந்தியாவில் சினிமாஸ்கோப் முறையில் உருவான முதல் திரைப்படம் என்னும் பெருமை ‘காகஸ் கே பூல்’ படத்துக்கு உண்டு. 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமான முறை இது. அகன்ற காட்சியைச் சிறப்புவகை ஆடி ஒன்று பக்கவாட்டில் சுருக்கிப் படச்சுருளில் பதிவு செய்யும். திரையிடும்போது மற்றோர் ஆடி அதனை மீண்டும் விரித்துக் காட்டும். காட்சியின் அகலம் உயரத்தைப் போல இருமடங்குக்கும் மேலாக அமையும். போர்க்களம், பெருங்கூட்டம், மலைத்தொடர் முதலியவற்றைக் காட்டவே பிறர் இம்முறையைப் பெரிதும் பயன்படுத்தினர். குரு தத்தோ தனிமையைக் காட்டுவதற்கு அதனைப் பயன்படுத்தினார். அகன்ற திரையின் ஓர் ஓரத்தில் ஒரு மனிதர் நிற்பார். எஞ்சிய பரப்பு முழுவதும் வெறுமையாக இருக்கும். அவ்வெறுமையே அவருடைய உள்ளத்தைக் காட்டிவிடும்.

வெறிச்சோடிய தளத்தில் சுரேசும் சாந்தியும் விலகி நிற்கும் பாடற்காட்சி, இந்தியத் திரைப்பட வரலாற்றில் தனியிடம் பெற்றது. கைபி ஆஸ்மி எழுதி, எஸ். டி. பர்மன் இசையமைத்த அப்பாடலைக் கீதா தத் பாடினார். கூரையிலிருந்து சாய்வாக இறங்கும் ஒளிக்கற்றை இருளைப் பிளக்கிறது. செயற்கை விளக்கால் அத்தகைய கற்றையை உருவாக்க இயலாது என்று கண்ட வி. கே. மூர்த்தி, கதிரவனின் ஒளியையே துணைக்கு அழைத்தார். தளத்துக்கு வெளியே வைத்த பெரிய நிலைக்கண்ணாடி வெயிலை வாங்கி உள்ளே அனுப்பியது. உள்ளிருந்த மற்றொரு கண்ணாடி அதனைத் தளத்தின்மேல் பாய்ச்சியது. அவ்வொளியில் துகள்கள் மிதக்கின்றன. இருவரும் நின்ற இடத்திலேயே நிற்க, அவர்களுடைய உருவெளித் தோற்றங்கள் மட்டும் உடலை விட்டு நீங்கி ஒன்றையொன்று நெருங்குகின்றன. உலகில் கூட இயலாத அன்பு, ஒளியில் மட்டும் கூடுகிறது. பாட்டியின் விளக்குமுன் விரல்களை அசைத்த சிறுவனின் விளையாட்டு, இங்குக் காவியமாக வளர்ந்துவிட்டது.

இருவேறு பார்வைகள்

பெரும்பொருள் செலவிட்டு உருவாக்கிய இப்படத்தை மக்கள் ஏற்கவில்லை. ‘பியாசா’ படத்தைக் கொண்டாடிய அரங்குகளே இப்படத்துக்கு வெறிச்சோடின. ஆயினும் கருத்து ஒன்றாக இருக்கவில்லை. அதன் ஒளிப்பதிவுக்காக வி. கே. மூர்த்தியும், கலை இயக்கத்துக்காக எம். ஆர். ஆச்ரேகரும் பிலிம்பேர் விருதுகளைப் பெற்றனர். கலைத்திறனைப் போற்றியவர்களும், கதையைப் புறந்தள்ளியவர்களும் ஒரே படத்தைப் பற்றியே பேசினர்.

மறுத்தவர்களின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ‘பியாசா’ படத்தின் கவிஞன் உலகத்தை எதிர்த்து நிற்கிறான். பொய்ப்புகழைத் துறந்து, தன்னை அன்புடன் ஏற்ற பெண்ணுடன் புதுவழி தேடிச் செல்கிறான். சுரேஷ் சின்காவோ எதிர்த்து நிற்பதில்லை. வீழ்ச்சியை அவர் தடுப்பதுமில்லை. நீட்டிய கையைப் பற்றுவதுமில்லை. முதற்காட்சியிலேயே தோல்வி உறுதியாகிவிட்டதால் எதிர்பார்ப்புக்கும் இடமில்லை. இடையே வரும் நகைச்சுவைப் பகுதிகள் கதையின் சோகத்தோடு ஒட்டவில்லை. புகழும் பொருளும் பெற்ற ஓர் இயக்குநரின் துயரம், அன்றாட வாழ்வுக்கே போராடும் மக்களுக்குத் தொலைவில் உள்ளதாகத் தோன்றியிருக்கவும் கூடும். தன்னிரக்கம் மிகுந்த படம் என்று அதனைக் குறைகூறியவர்கள் இவற்றையே எண்ணினர்.

ஏற்றவர்களின் பார்வை வேறு. அன்பு நிலைப்பதில்லை, புகழ் நிலைப்பதில்லை, உயிரும் நிலைப்பதில்லை. நிலையாமையை உணர்த்துவதே படத்தின் நோக்கமாயின், எதிர்பார்ப்பைத் தூண்டும் கதைப்போக்கு அதற்குத் தேவையில்லை. சுரேஷ் வெல்வாரா என்னும் வினாவைவிட, வீழும் மனிதர் எதை விட்டுக்கொடுக்க மறுக்கிறார் என்னும் வினாவே பெரிது. பதவியையும் பொருளையும் இழந்த பின்னரும் தன்மானத்தை அவர் இழக்கவில்லை. சாந்தியும் தன் விருப்பத்தைவிட ஒரு சிறுமியின் கண்ணீரையே பெரிதாக மதிக்கிறாள். இவ்விருவரின் அன்பு, அடைவதில் இல்லாமல் விட்டுக்கொடுப்பதில் வெளிப்படுகிறது. வெற்றியையே எதிர்நோக்கி வருவோருக்கு இவ்வுணர்வு உடனே எட்டுவது அரிது.

இவ்விரு பார்வைகளிலும் உண்மை உண்டு. படத்தின் நடையில் தளர்ச்சி உண்டு என்பதை அதனைப் போற்றுவோரும் மறுப்பதில்லை. அதன் காட்சிகளின் அழகை அதனை மறுத்தோரும் மறுக்கவில்லை. குறையுடைய படைப்பும் உயர்ந்த படைப்பாக இருக்கவியலும் என்பதே இவ்விவாதத்தின் பயன்.

கைவிடப்பட்ட பெயர்

விவாதத்தின் இருபக்கங்களும் குரு தத்தின் செவியில் ஒரே அளவில் விழவில்லை. தயாரிப்பாளராகப் பண இழப்பைத் தாங்கினார். அதனினும் மிகுதியாக மனம் உடைந்தார். மக்களுக்குத் தம் மொழி புரியவில்லையோ என்னும் ஐயம் அவரை வாட்டியது. ‘காகஸ் கே பூல்’ படத்துக்குப் பின்னர், இயக்குநர் என்னும் இடத்தில் தம் பெயரை அவர் ஒருபோதும் இடவில்லை. அப்போது அவருக்கு வயது 34.

படங்கள் தயாரிப்பதை அவர் நிறுத்தவில்லை. எம். சாதிக் இயக்கத்தில் 1960ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சௌதுவீன் கா சாந்த்’ பெருவெற்றி பெற்று நிறுவனத்தைக் காப்பாற்றியது. வங்காள எழுத்தாளர் பிமல் மித்ராவின் புதினத்தைத் தழுவிய ‘சாகிப் பீபி அவுர் குலாம்’ 1962ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் இயக்குநராக அப்ரார் அல்வியின் பெயர் இடம்பெற்றது. அழிந்துவரும் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றின் கதையைக் கூறிய அப்படம், 1963ஆம் ஆண்டில் பெர்லின் திரைப்பட விழாவிலும் திரையிடப்பட்டது.

பிறர் தயாரித்த படங்களிலும் குரு தத் நடித்தார். தமிழ்த் திரையுலகில் புகழ்பெற்ற இயக்குநர் கே. சங்கரின் ‘பரோசா’ (1963), கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘சுகாகன்’ (1964) ஆகிய இந்திப் படங்களில் அவர் நடித்தது குறிப்பிடத்தக்கது. நடிப்பில் அவருக்குக் குறைவில்லை. ஆயினும் அவருடைய உண்மையான இடம் ஒளிப்பதிவுக் கருவியின் பின்னே இருந்தது. அவ்விடம் வெறுமையாகவே இருந்தது.

மறைவு

உறக்கமின்மையும் மனச்சோர்வும் குரு தத்தை நெடுங்காலம் வருத்தின. இல்வாழ்விலும் அமைதி குலைந்து, அவர் தனித்து வாழ்ந்துவந்தார். உடல்நோய்க்கு மருத்துவரை நாடுவது போல மனநோய்க்கும் மருத்துவம் நாடவேண்டும் என்னும் தெளிவு அக்காலச் சமுதாயத்தில் பரவலாக இல்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பம்பாயில் உள்ள தம் இல்லத்தில் அவர் இறந்து கிடந்தார். அப்போது அவருடைய வயது 39. அவர் நடித்துக்கொண்டிருந்த படங்கள் முற்றுப்பெறாமல் நின்றன. அவருடைய நிறுவனத்தின் ‘பகாரேன் பிர் பீ ஆயேங்கி’ படத்தில் அவருக்குரிய வேடத்தைத் தர்மேந்திரா ஏற்க, 1966ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. கீதா தத்தும் 1972ஆம் ஆண்டில், தம் 41ஆம் வயதில் மறைந்தார்.

சுரேஷ் சின்காவின் முடிவோடு குரு தத்தின் முடிவையும் இணைத்துப் பேசுவது பின்னர் வழக்கமாயிற்று. அவ்வாறு இணைப்பது அவருடைய கலைக்கு இழைக்கும் தவறாகும். படத்தில் காணும் மரணம் பலநாள் திட்டமிட்டு, ஒளியமைத்து, நடித்து, வெட்டித் தொகுத்த கலையின் விளைவு. துன்புற்றதனால் அவர் கலைஞர் ஆகவில்லை. துன்பத்தினிடையிலும் அயராது உழைத்ததனாலேயே கலைஞர் ஆனார். அத்துன்பத்தைப் பகிர்ந்துகொள்ளவும் ஆற்றவும் உரிய துணை கிடைத்திருப்பின், இன்னும் பல படங்களை அவர் அளித்திருக்கக் கூடும்.

காலத்தின் மறுதீர்ப்பு

ஏறக்குறைய இருபதாண்டுகள் ‘காகஸ் கே பூல்’ மறக்கப்பட்ட படமாகவே இருந்தது. 1980களில் நிலை மாறியது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் குரு தத்தின் படங்கள் மீண்டும் திரையிடப்பட்டன. 1989ஆம் ஆண்டில் நஸ்ரீன் முன்னி கபீர் அவருடைய வாழ்வையும் கலையையும் குறித்து ஆவணப்படம் ஒன்றை உருவாக்கினார். உடன் பணியாற்றியவர்களின் நினைவுகள் அதன் வாயிலாகப் பதிவாயின. தொலைக்காட்சி வழியே புதிய தலைமுறையினரும் அப்படங்களைக் கண்டனர். மெதுவாக நகர்வதாக முன்னர்க் குறைகூறப்பட்ட காட்சிகளில், இப்போது அமைதியின் ஆழத்தைக் கண்டனர். திரைப்படக்கலை பயிலும் மாணவர்க்கு அந்த ஒளிக்கற்றைக் காட்சி பாடமாயிற்று.

2004ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை குரு தத்தின் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. அமெரிக்காவின் ‘டைம்’ இதழ் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட நூறு சிறந்த திரைப்படங்களின் பட்டியலில் ‘பியாசா’ இடம்பெற்றது. வெயிலைக் கண்ணாடியில் ஏந்திய வி. கே. மூர்த்தி, 2008ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவரே. சாந்தியாக நடித்த வகீதா ரகுமானுக்கு 2021ஆம் ஆண்டுக்கான அதே விருது வழங்கப்பட்டது. குழுவின் உழைப்பை நாடு அறிந்து போற்றியது. குழுவின் தலைவரோ அதனைக் காண உயிருடன் இல்லை.

இறந்தபின் கவிஞனைப் போற்றும் உலகத்தைக் குரு தத் ‘பியாசா’ படத்தில் காட்டினார். அக்காட்சி அவர் வாழ்விலேயே மெய்யாயிற்று. எனினும் இதனை விதி என்று கூறி அமைதல் பொருந்தாது. கலைஞர் உயிரோடிருக்கும்போதே அவருடைய முயற்சியைப் பொறுமையுடன் காண்பதும், குறையைக் கூறும்போது நிறையையும் சேர்த்துக் கூறுவதும் சுவைஞரின் கடமையாகும். கலைஞரும் ஒருநாள் தீர்ப்பை வாழ்நாள் தீர்ப்பாகக் கொள்ளவேண்டியதில்லை. வெளிவந்த ஆண்டில் வெறிச்சோடிய அரங்குகளில் ஓடிய அப்படம், இன்றும் புதிய கண்களால் காணப்படுகிறது. இன்றும் இருவேறு கருத்துகளை எழுப்புகிறது. மணமற்றவை என்று அவரே பெயரிட்ட காகிதப் பூக்கள் வாடாமல் இருக்கின்றன.